மச்சானின் முகம்

4, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஜன்னலைச் சாத்தியும் மணல் வந்து படத்தின் ஈரப் பெயிண்டில் ஒட்டுகிறது. சிவப்பு தீரப்போகிறது. படகுக்கு அடிக்கிற பெயிண்டே போதும், வாங்க வேண்டும்.

டி.வி.யில் வளைகுடாத் துறைமுகம் எரிகிறது. நேற்றும் அதே படம். மச்சான் ஜலீலுக்கு வேலை அங்கேதான், கப்பலை இழுத்து வந்து கட்டும் படகில். போன வெள்ளி பேசியது. அதற்குப் பிறகு அவர் மனைவி, என் தங்கை ஷரீபா, வாட்ஸ்அப்பில் அனுப்பிய எதற்கும் ஒற்றை டிக்.

"சார்ஜ் போட மறந்திருப்பாக காக்கா." அண்ணனுக்கு ஆறுதல் போல அவளே சொல்லி அவளே தலையாட்டிக்கொண்டாள்.

5, செவ்வாய்

பெரிய துணியில் ஆரம்பித்தாயிற்று. துறைமுகம் கிடையாது, நெருப்பு மட்டும். தூரிகை சரிப்படவில்லை; கையாலேயே இழுத்தேன். நகத்துக்குள் சிவப்பு. சோறு பிசையும்போது எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

சென்னையிலிருந்து ஓவியக் காலரிக்காரம்மா போன். "உங்க சுனாமிப் படங்க மாதிரி முகங்களோட வேணும் சார்." சுலபமாகக் கேட்டுவிட்டார். ஒருவர் இறந்த மவுத்துச் செய்தி உறுதியான பிறகுதான் நான் முகம் வரைவேன். சுனாமியிலிருந்து அப்படித்தான். வீட்டார்களே போட்டோ கொண்டுவந்து தருவார்கள். கீழக்கரைக்கே தெரியும்.

6, புதன்

கரண்ட் இல்லை. மச்சானுடைய கம்பெனி எண் அடித்து அடித்து ஓய்கிறது. ஷரீபா மீன் கழுவிக்கொண்டே அழுதாள். கேட்டால் வெங்காயமாம். மீன் சட்டியில் ஏது வெங்காயம்.

மதியம் கை தானாகப் போனது. நெற்றி. மூக்கு. அந்த உடைந்த முன்பல். நிறுத்தியிருக்கலாம். முகம் வந்துவிட்டால் நெஞ்சுப் பாரம் இறங்கும் போலிருந்தது. இறங்கவும் செய்தது. தள்ளி நின்று பார்த்தேன்: மச்சான், வாய் திறந்தபடி, நெருப்புக்குள். படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டுக் கீழே இறங்கினேன்.

7, வியாழன்

காலையிலேயே கிளம்பி, வேறு வேலைகள் முடித்து, மதியம் பெயிண்ட் கடை. கடைக்காரர் துக்கம் கேட்பதுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னா லில்லாஹி... ஒரு வார்த்தை சொல்லலையே காக்கா."

"என்னத்த?"

"மச்சானத்தான். ஒங்களுக்குச் செய்தி வந்துருச்சாமே."

ஓட்டமும் நடையுமாக வீடு வந்தேன். வாசல் முழுக்கப் பெண்களின் செருப்பு. பக்கத்து வீட்டு மைமூன் லாத்தா, நான் கிளம்பியதும், துணி காயப்போட எங்கள் மாடிக்கு வந்திருக்கிறார். காற்றில் படம் கவிழ்ந்து கிடந்ததாம். நல்ல மனசோடு தூக்கி நிறுத்தியிருக்கிறார். முகத்தைப் பார்த்ததும் அலறிக்கொண்டு கீழே.

ஷரீபா வெள்ளைத் துப்பட்டியில். கழுத்தில் தாலிக் கருகமணி இல்லை.

"ஒண்ணும் வரல புள்ளே. சத்தியமா எந்தச் செய்தியும் வரல."

"பெறகு எதுக்கு வரைஞ்சே?"

"பயத்துல."

"நீ தெரியாம யாரையும் வரைய மாட்டே. எங்கிட்ட வாயால சொல்ல முடியாம படமாச் சொல்லியிருக்கே."

சுற்றி மச்சானுக்காக யாசீன் ஓதுகிறார்கள். ஒருவரும் என்னை நம்பவில்லை. இத்தனை வருஷம் தவறாமல் இருந்ததற்கு இதுதான் பலன். என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

8, வெள்ளி

காற்று நின்றுவிட்டது. கடல் சத்தமே இல்லை, பிடிக்கவில்லை.

ஜும்ஆ தொழுகை முடிந்து ஆள் மாற்றி ஆள் என் தோளைத் தொட்டார்கள். எதுவும் வரவில்லை, எதுவும் வரவில்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது.

அவளுடைய போன் அடுப்படியில் அணைந்து கிடக்கிறது. இப்போது மச்சான் கூப்பிட்டாலும் எடுக்க ஆள் இல்லை. நான்தான் சார்ஜில் போட்டேன். அதே ஒற்றை டிக்.

அஸர் தொழுகைக்குப் பிறகு அவளைக் கையைப் பிடித்து மாடிக்குக் கூட்டிவந்தேன். கைக்கு அகப்பட்டது மண் நிறப் பெயிண்ட் டப்பா. அவள் கண்ணெதிரே திறந்து, இரண்டு கையாலும் அள்ளி அந்த முகத்தின் மேல் பூசினேன். கண், மூக்கு, திறந்த வாய், எல்லாம் மூடும்வரை.

"பாரு. நான் வரைஞ்சது தப்பு. இப்ப இல்ல. மச்சான் வந்துருவாக."

ஷரீபா கிட்டே வந்து பார்த்தாள். அழவில்லை.

"அடக்கமும் பண்ணிட்டியா காக்கா?" என்று கேட்டுவிட்டு, இரண்டு கையையும் ஏந்தி துஆ கேட்க ஆரம்பித்தாள்.