எதிர்க்கட்சி வாயைத் திறக்கவில்லை

ஜூன் 19, திங்கள்

இன்று முதல் பத்தாம் வகுப்புக்கு இடைவேளை கிடையாது. காலையிலும் இல்லை, பிற்பகலிலும் இல்லை. பொதுத்தேர்வு வருகிறதாம். எப்போது? அடுத்த ஆண்டு. இப்போதே மூச்சு முட்ட ஓடினால்தான் அப்போது ஒரேயடியாக விழ வசதியாக இருக்கும்.

ஹெச்.எம். காலைக் கூட்டத்தில் முழங்கினார்: "மூளை என்ன செருப்பா, தேயறதுக்கு?" பிள்ளைகள் கைதட்டினார்கள். பாவம், எதற்கு என்று தெரிந்திருக்காது.

கழிப்பறைக்குப் போக வகுப்புக்கு ஒரு மரத்துண்டு, கதவோரம் ஆணியில் தொங்குகிறது. அதை எடுத்துக்கொண்டு ஒருவர் போகலாம். திரும்பி வந்த பிறகுதான் அடுத்தவர். ஆசிரியர்களான எங்களுக்கு அந்தத் துண்டும் இல்லை. வகுப்பை விட்டு எப்படிப் போவது? அதனால் நாங்கள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டோம். நிரப்பிய பாட்டில் நிரப்பியபடி வீட்டுக்கு வருகிறது. தினமும் அதைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்துப் போய்ச் சுற்றிக்காட்டி வருகிறேன்.

ஜூன் 23, வெள்ளி

வீட்டுக்காரரிடம் புலம்பினேன். "கணக்கு சொல்லிக் குடுக்கறதுல என்ன அலுப்பு? வருஷா வருஷம் அதே கணக்குதானே" என்றார். இதைச் சொன்னவர் ஆபீஸில் காலையில் ஒரு டீ, மதியம் ஒரு டீ, நடுவில் "காலை நீட்டிட்டு வர்றேன்" என்று ஒரு நடை. இவருக்குக் கால் மரத்துப்போகும். எனக்கு மண்டை மரத்துப்போகக் கூடாது!

ஜூன் 30, வெள்ளி

என் வகுப்பில் ஜன்னலோரம் ஒரு பெண். நான் வைத்த பெயர் எதிர்க்கட்சி. கரும்பலகையில் நான் ஒரு குறியை விட்டால் போதும், எழுந்து நிற்பாள். "மிஸ், அங்க மைனஸ் வரணும்." போன வருடம் அவளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பிறகுதான் புரிந்தது, வகுப்பில் உண்மையாகவே கவனிப்பவள் அவள் ஒருத்திதான்.

இந்த வாரம் முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. நான் அவ்வளவு சரியாகவா நடத்துகிறேன்?

ஜூலை 3, திங்கள்

கண்ணாடியைத் தேடினேன். போட்டுக்கொண்டே.

ஜூலை 6, வியாழன்

ஹெச்.எம். என் வகுப்பைப் பார்வையிட வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான் எழுதியதையெல்லாம் குறித்துக்கொண்டார். இருபடிச் சமன்பாடு. ஒரு இருமல் சத்தம் கூட இல்லை. "பிரமாதம்! இதுதான் வகுப்பு" என்றார். என் ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. புதுப்பிக்கும் கையெழுத்து அவருடையது. பல்லைக் காட்டி நன்றி சொன்னேன்.

ஜூலை 7, வெள்ளி

இன்றும் வந்தார். இன்றும் இருபடிச் சமன்பாடு, இன்றும் பிரமாதம்.

எனக்கு அடுத்த பீரியட் இயற்பியல் சார். மதியம் சாப்பிடும்போது கேட்டார்: "என்ன டீச்சர், அந்தக் கணக்கு மேல அப்படி என்ன பாசம்? நேத்தும் அதையேதான் போர்டுல விட்டுட்டுப் போனீங்க. நான்தானே அழிச்சேன்."

சிரித்தேன். அப்புறம் பாடக்குறிப்பு நோட்டைப் புரட்டிப் பார்த்தேன்.

நேற்று நடத்திய பாடத்தையே இன்றும் நடத்தியிருக்கிறேன். அதே மூன்று கணக்கு. அதே இடத்தில் அதே ஜோக். நேற்றும் ஒருத்தரும் சிரிக்கவில்லை, இன்றும் சிரிக்கவில்லை; எனக்கு எப்படி வித்தியாசம் தெரியும்? வகுப்பே தலை குனிந்து அத்தனையையும் மறுபடி எழுதியது.

எதிர்க்கட்சியைத் தனியாகக் கூப்பிட்டேன். "ஏன்டி, நீயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதை மிஸ்?"

அய்யோ. நடிக்கவில்லை அவள். நிஜமாவே தெரியல அவளுக்கு. என் மறதி கிடக்கட்டும், எனக்கு வயசாகுது. அந்தக் குழந்தைக்கு என்ன ஆச்சு? நாங்க என்னடா பண்ணி வச்சிருக்கோம்?

ஜூலை 8, சனி

விடுமுறை நாளில் ஆசிரியர்களுக்குக் கட்டாயப் பயிற்சி. தலைப்பு: மன அழுத்தத்தைக் கையாளுதல். காலை முழுக்க ஒரே மூச்சாக ஒருவர் பேசினார். திரையில் பெரிய எழுத்தில் 'அவ்வப்போது ஓய்வு எடுங்கள்'. இயற்பியல் சார் கையைத் தூக்கினார். "கேள்வியெல்லாம் கடைசில" என்றார் பேச்சாளர். சாருக்குக் கேள்வி எதுவும் இல்லை, அவசரம்.

ஜூலை 12, புதன்

இடைவேளையைத் திரும்பக் கேட்க வேண்டும்; பூனைக்கு யார் மணி கட்டுவது என்று நாலைந்து நாளாக ஆளுக்கு ஆள் முகத்தைப் பார்த்தோம். காலையில் வீட்டுக்காரர் வேறு, "கையெழுத்து ஆகற வரைக்கும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு" என்று சொல்லி அனுப்பினார்.

இருக்க முடியவில்லை. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்துவிட்டேன். "சார், வியாழனும் வெள்ளியும் என் கிளாஸ்ல உட்கார்ந்தீங்க. ரெண்டு நாளும் ஒரே பாடம். மறந்துபோய் நடத்தினேன். பிள்ளைங்களுக்கும் தெரியல. உங்களுக்கும் தெரியல."

ஹெச்.எம். தொண்டையைச் செருமினார். "மீள்பார்வைன்னு நினைச்சேன்."

இயற்பியல் சார் மேஜைக்கடியில் எதையோ தேடினார். முதுகு குலுங்கியது.

கடைசியில் தீர்ப்பு: என் வகுப்புக்கு மட்டும் சோதனை முறையில் இடைவேளை. மாதத் தேர்வில் மதிப்பெண் இறங்கினால், "உங்க ஒப்பந்தத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டியிருக்கும்." வாயைக் கொடுத்து வம்பை வாங்கியாயிற்று.

ஜூலை 17, திங்கள்

மணி அடித்தது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

"மிஸ், இப்ப என்ன பண்ணணும்?"

"ஒண்ணும் பண்ண வேண்டாம்."

"அது எப்படி மிஸ்?"

பின்னாலிருந்து ஒருவன், "இது பரீட்சையில வருமா மிஸ்?" என்றான். சிரிப்பதா அழுவதா? புத்தகத்தையெல்லாம் மூடச் சொல்லி, விரட்டாத குறையாக மரத்தடிக்கு அனுப்பினேன். மந்தையாக நின்று அங்கிருந்து வகுப்பறையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஜூலை 26, புதன்

இடைவேளையில் சண்டை. ஒருவன் சட்டைப் பொத்தான் போச்சு. மனசுக்குள் எவ்வளவு சந்தோஷம்! வெளியே திட்டினேன்.

எதிர்க்கட்சி மட்டும் இன்னும் மௌனம். நேற்று வேண்டுமென்றே ஒரு குறியை மாற்றிப் போட்டேன். அப்படியே எழுதிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 10, வியாழன்

மாதத் தேர்வு மதிப்பெண் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதனால் முடிவு செய்ய ஹெச்.எம். நேரில் வந்தார். அதே கடைசி பெஞ்சு, அதே நோட்டு. சாக்பீஸை எடுத்துக் கணக்கைத் தொடங்கினேன். பாதிக் கணக்கில் ஜன்னலோரம் பெஞ்சு கிரீச்சிட்டது.

"மிஸ், நாலாவது வரி தப்பு. மைனஸை விட்டுட்டீங்க."

இது நான் வேண்டுமென்று விட்டதில்லை.

"பாடம் நடக்கும்போது குறுக்க பேசலாமா?" என்றார் ஹெச்.எம். பின்னாலிருந்து.

"தப்பா இருந்துச்சு சார்" என்றாள். "நீங்களும் அப்படியேவா எழுதினீங்க?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பலகைப் பக்கம் திரும்பி நாலாவது வரியை அழித்தேன். திரும்பிப் பார்த்தால், ஹெச்.எம். பக்கத்திலிருந்த பையனிடம் ரப்பர் கேட்டுக்கொண்டிருந்தார்.

கையெழுத்தைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் பிற்பகலில் மணி அடித்தபோது பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் திபுதிபுவென்று வெளியே ஓடினார்கள்.

பாட்டிலைத் திறந்து முழுசாகக் குடித்தேன்.