அம்மி எடுக்கப் போனேன், பாக்கியம்

என் பாக்கியத்துக்கு,

நீ போய் ஒரு வருசம். எனக்கு எழுத்துத் தெரியாதென்று உனக்குத் தெரியுமே. நான் சொல்லச் சொல்ல நம்ம மகள் ராணி எழுதுகிறாள். இடையிடையே அழுகிறாள், சிரிக்கிறாள். எனக்கு இரண்டும் வரவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த நாள் முதல் திகைத்துப்போய்க் கிடக்கிறேன்.

கலவரத்தன்று பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடும்போதும் அம்மியை விட உனக்கு மனசில்லை. உருளைக்கிழங்குக் குழியில் தள்ளி, குழவியையும் போட்டு, மண்ணைப் போட்டு மூடினாய். கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் இத்தனை காலம் இருந்தும் இன்னொரு அம்மி வாங்க விட்டாயா? "எனக்கு ஒண்ணு மேல கெடக்கு" என்பாய். ஆஸ்பத்திரியிலும் என் கையைப் பிடித்து, "அத எடுத்துட்டு வந்துருங்க" என்றுதானே கடைசியாகச் சொன்னாய்?

உன் திவசக் குழம்புக்கு அதில்தான் அரைப்பதென்று சாக்கும் கயிறுமாக மலைக்குப் போனேன். லீக்ஸும் கிழங்கும் போட்டுப் பிழைத்த நம்ம ஆட்களின் வீடுகளில் ஒரு சுவர்கூட நிற்கவில்லை. யார் வீட்டு அடுப்போ, அதற்குள்ளிருந்து ஒரு டர்பன்டைன் மரம் கிளம்பியிருக்கிறது. நம்ம வாசல் கல்லைக் காலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். அப்போது ஒரு சத்தம்.

"தாத்தா, செருப்பக் கழட்டுங்க! ஆத்தா இருக்கா."

கீழ்த் தோட்டத்திலிருந்து புல் வெட்ட வந்த பெண். அவள் காட்டிய பக்கம் பார்த்தேன். மஞ்சள் பூசி, சிவப்புத் துணி கட்டி, வெள்ளிக் கண் ஒட்டி, உன் அம்மி நிமிர்ந்து நின்றது. கல்யாணமான புதிதில் நான் கீழே போட்டு உடைத்தேனே, அந்த மூளி அப்படியே இருந்தது.

"எந்த ஆத்தா புள்ள?"

"மொளகா ஆத்தா. மண்ணு வெட்டயில வந்தா. மழ பேஞ்சா இன்னமும் காரம் அடிக்கும். கேட்டதக் குடுப்பா. ஆனா பயங்கரக் கோவக்காரி."

"முன்னுக்கு நிக்கிறது?" குழவியைக் காட்டிக் கேட்டேன்.

"அது ஆத்தா வூட்டுக்காரரு. வாயில்லாச் சாமி. ஒண்ணும் பேச மாட்டாரு."

நான் எதைப் பேச? 'இது என் பொண்டாட்டி அம்மி' என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் அவள் முதுகில் கட்டியிருந்த கைக்குழந்தையை அவிழ்த்து, அதன் நெற்றியை உன் கல்லில் வைத்து எடுத்தாள். காய்ச்சலாம். எப்படிச் சொல்வேன்?

கொண்டுபோன சாக்கைத் தரையில் விரித்து விழுந்து கும்பிட்டேன். பொண்டாட்டி காலில் விழுந்த புருசன் வேறு யார் இருக்கிறான்? எழும்பும்போது மூக்கில் ஏறியது, பாக்கியம். காரம்தான். இல்லை, எனக்குத்தான் அப்படிப் பட்டதா?

வெறுங்கையோடு வந்துவிட்டேன், கோவிக்காதே. ஊர்ப் பேரை எழுதாதே என்று ராணியிடம் சொல்லியிருக்கிறேன். கால் ஓடுகிற மட்டும் வருசா வருசம் மிளகாயோடு மேலே வருவேன். செருப்பைக் கீழேயே கழற்றிவிடுவேன். அந்தக் கல் யாருடையதென்று அங்கே ஒருத்தருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் வாயில்லா வீட்டுக்காரன்