தலைகீழாக அச்சான ஆற்று வரைபடமும் மே 22 ஏலமும்

அனுப்புநர்:
எவ்ரார் ப்ரூஷோன்,
படகு மதகுக் காவலர்,
மோர்லியே கிராமம், சோன் ஆற்றங்கரை.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
வரலாற்று ஆவணப் பாதுகாப்புப் பிரிவு,
பாரிஸ்.

பொருள்: பேரரசர் நெப்போலியன் கைப்பட எழுதிய போர்க் குறிப்பேட்டை ஏலத்தில் அரசே எடுத்துக்கொள்ளக் கோருதல் – மிக அவசரம்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி குறிப்பேடு வரும் மே 22 அன்று பாரிஸில் ஏலத்துக்கு வருகிறது. பேரரசர் இளம் பீரங்கிப்படை அதிகாரியாக இருந்தபோது, படையோடு ஆற்றைக் கடப்பது பற்றி எழுதியது. அதன் ஆறாம் தாளிலுள்ள வரைபடத்தை, 'இத்தாலிய ஆறு. இடம் தெரியவில்லை' என்று ஏல விவரப் புத்தகம் குறிப்பிடுகிறது. இடம் எனக்குத் தெரியும் ஐயா. முப்பத்தொரு ஆண்டுகளாக அங்கேதான் மதகு திறந்து மூடுகிறேன்.

2. கண்டுபிடித்த பெருமை என்னுடையதன்று. ஞாயிறு காலை ஏலப் புத்தகத்தில் அந்த வரைபடம் அச்சான பக்கத்தை மேசையில் விரித்து, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே ரொட்டி நறுக்கிக்கொண்டிருந்த என் மனைவி சோலாஞ்ஜ், "ஏங்க, நம்ம தீவை எதுக்கு இப்படி முறைச்சுப் பாக்குறீங்க? தினமும் பாக்குறது பத்தலையா?" என்றாள். வரைபடத்தில் ஓர் எழுத்துகூட இல்லாததால் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். எழுந்து அவள் பக்கம் போய்ப் பார்த்தேன். ஆற்றின் வளைவு, தீவு, பழைய மாவு ஆலையின் இரண்டு கல்தூண்கள், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. அழுதேன் என்று எழுத வெட்கமில்லை.

3. ஐயம் எழலாம். அதே புத்தகத்தில் அச்சாகியுள்ள ஐந்தாம் தாளின் வாசகம் இது: 'தூண்களுக்குக் கீழே கரை உறுதியானதுபோல் ஏய்க்கும், பீரங்கி வண்டியை இறக்காதே.' சென்ற ஜூலை 14, தேசிய விழா அன்று வாணவேடிக்கைக் காவலுக்கு வந்த எங்கள் தீயணைப்பு வண்டி, மிகச் சரியாக அதே இடத்தில் சக்கர அச்சுவரை புதைந்தது. இதை வாசித்துக் காட்டியதும் மேயர் தெரியோன் அம்மையார், "அந்த மனுசன் அன்னைக்கே சொல்லிட்டாரு, நம்ம பயலுக எங்க கேக்குறானுக!" என்றார்.

4. ஏலத்தில் சுத்தியல் விழுந்த கணமே அரசுப் பிரதிநிதி எழுந்து உரிமை கோரினால், அதே விலைக்குப் பொருள் அரசுக்கு வந்துவிடும் என்பது நம் நாட்டுச் சட்டம். கோராவிட்டால் எவருடைய இரும்புப் பெட்டியிலோ அடைபட்டு, எங்கள் ஆறு என்றென்றும் இத்தாலிய ஆறாகவே இருந்துவிடும். எங்கள் பங்காக, இவ்வாண்டு வாணவேடிக்கையைக் கைவிட்டு, அந்தப் பணத்தை ஏலத் தொகைக்குத் தர ஊர் மன்றம் ஏகமனதாகத் தீர்மானித்துள்ளது. தீயணைப்பு வீரர்களும் சம்மதித்தார்கள்.

5. அன்று கடைசி வரிசையில் நான் அமர்ந்திருப்பேன். என் சட்டையைப் பிடித்து உட்கார வைக்க சோலாஞ்ஜும் வருகிறாள். நான் எழுந்து கத்தினால் செல்லாது, வெளியேதான் அனுப்புவார்கள் என்பதை அறிவேன். ஆயினும் தங்கள் பிரதிநிதி எழாவிட்டால் என் வாய் சும்மா இருக்கும் என்று உறுதி கூற இயலவில்லை. எனவே, செல்லுபடியாகும் குரல் ஒன்றைத் தவறாது அனுப்பிவைக்குமாறு மன்றாடுகிறேன்.

இடம்: மோர்லியே
நாள்: மே 11

இப்படிக்கு,
பொறுமையிழந்த தங்கள் பணிவுள்ள,
எவ்ரார் ப்ரூஷோன்

இணைப்பு: வரைபடத்தின் நகல். அருள்கூர்ந்து மேசையின் எதிர்ப்பக்கம் வந்து பார்க்கவும்.