என் மாத்திரை உனக்கு எதற்கு?

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். அங்கே நீயும் நலமா என்று வழக்கம்போல் கேட்டுவைக்க மனம் வரவில்லை, நீ நலமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். போனில் கேட்டால் கடையில் ஆள் நிற்கிறது என்று நழுவிவிடுவாய், அதனால்தான் கூரியர். அப்பா குழாயைத் தானே மாட்டுகிறேன் என்று உட்கார்ந்தார், ஒரு இடத்தில் ஒழுகியது இப்போது இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, கேட்டால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ லீவு முடிந்து போனதும் சமையலறை டிராயரில் இருந்த என் தைராய்டு மாத்திரை டப்பா இரண்டைக் காணோம். கேட்டதற்கு, மருமகளுக்கும் தைராய்டு குறைவு, அவளுக்காக எடுத்துவந்தேன் என்றாய், நானும் நம்பினேன். போன வாரம் அவள் போனில் அழுதாள். நீங்கள் குழந்தைக்காகப் பார்க்கும் ஆஸ்பத்திரியில், முதல் பரிசோதனையில் உனக்கு ஒரு குறையும் இல்லை என்றவர்கள், இப்போது விந்தணு பாதிக்குமேல் குறைந்துவிட்டது, இருப்பதும் சரியாக நீந்தவில்லை என்கிறார்களாம், அதனால் அடுத்த மாதம் அவளுக்கு ஊசி போட்டுக் கருமுட்டையை எடுக்கப் போகிறார்களாம். நீ துரும்பாக இளைத்துவிட்டாயாம், கடையில் மூக்குக்கண்ணாடி பிரேமில் பொடி ஸ்க்ரூ மாட்டக் கை நடுங்குகிறதாம், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறாயாம். பேச்சை மாற்றலாம் என்று, மாத்திரை உனக்கு ஒத்துக்கொள்கிறதா என்று அவளைக் கேட்டேன். "எனக்கு எதுக்கு அத்தை மாத்திரை? எனக்குத் தைராய்டெல்லாம் சரியாத்தானே இருக்கு" என்றாள். அப்போதுதான் புரிந்தது, அந்த மாத்திரையை விழுங்குவது நீ. நடுக்கம், படபடப்பு, இளைப்பு, எனக்கு ஒருமுறை அளவு கூடிப்போனபோது நானே பட்டதுதான் அத்தனையும்.

அடப்பாவி, நீ லீவில் வந்திருந்தபோது சாப்பிடும் நேரத்தில் நான் என்ன சொன்னேன்? அந்த மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் நீ என் வயிற்றில் தங்கினாய் என்றேன். எனக்குச் சுரப்பி சோம்பிக் கிடந்தது, மாத்திரை அதை ஈடுகட்டியது. உனக்கு ஒழுங்காகச் சுரக்கிறதே, அதற்கு மேல் நீ ஏன் கொட்டுகிறாய்? மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை என்றால் புத்தியும் இல்லாமல் போய்விடுமா? என் டாக்டரிடம் யாரென்று சொல்லாமல் கேட்டேன். இந்தச் சுரப்பு குறைந்தாலும் கூடினாலும் ஆண்களுக்கு அணுவும் கெடும், ஆசையும் கெடும், கூடினால் இதயத்துக்கும் ஆபத்து என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "உங்க மகன்கிட்ட உடனே நிறுத்தச் சொல்லுங்க. அங்க பாக்குற டாக்டர்கிட்ட மறைக்காம சொல்லணும். அளவு சரியானா, பெரும்பாலும் சில மாசத்துல பழைய நிலைக்கு வந்துடும்" என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

உன் வெட்கத்துக்காக அவள் உடம்பில் ஊசி ஏற வேண்டுமா? பேரன் வேண்டும் பேத்தி வேண்டும் என்று நான் உன்னை ஒருநாளாவது நச்சரித்தேனா? எனக்கு என் பிள்ளை வேண்டும், கை நடுங்காமல், நெஞ்சு அடித்துக்கொள்ளாமல். கோபமாக எழுதுகிறேன், பயத்தில்தான் எழுதுகிறேன்.

இருவரும் நோய்நொடி இல்லாமல், மனம் ஒத்து நீடூழி வாழ வேண்டும். மிச்சம் இருக்கும் மாத்திரையை எடுத்துக்கொண்டு போய் அந்த டாக்டர் மேஜையில் வை, மறந்துவிடாதே. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன், உனக்கு இல்லை, அவளுக்கு. அதற்குள் நீ சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லிவிடுவேன். ஆனால் இதைப் புருஷன் வாயால் கேட்பது வேறு, மாமியார் வாயால் கேட்பது வேறு.

இப்படிக்கு,
தூக்கம் பிடிக்காமல் இருக்கும்
உன் அம்மா