ஐஸில் கட்ட நினைத்த போர்க்கப்பல்

மன்னார்
20.03.1969

அன்பு மகன் டொமினிக்குக்கு,

மடுமாதாவின் துணையால் இங்கே எல்லோரும் நோய்நொடியின்றி நடமாடுகிறோம். நீயும் கிளாஸ்கோக் குளிருக்குள் உடம்பைக் கவனித்து நல்லபடி இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு செபமாலையிலும் கேட்கிறோம். உன் கடிதம் தவக்காலத் தொடக்கத்தில் கிடைத்தது, அம்மாவுக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். கப்பல் கட்டும் படிப்பு முடிந்தது, பேராசிரியர் இன்னும் இரண்டு வருடம் இருந்து ஒருபோதும் கட்டப்படாத போர்க்கப்பல்களைப் பற்றி ஆராயச் சொல்கிறார், செலவு பல்கலைக்கழகத்துடையது, ஆனால் வருகிற நத்தார் கழிந்ததும் கலியாணம் என்று எடித் வீட்டாருக்கு நாங்கள் வாக்குக் கொடுத்திருப்பதால் அப்பா வா என்றால் வாறன் என்று எழுதியிருந்தாய். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக் கோபம்தான் வந்தது. கட்டின கப்பல் எத்தனையோ இருக்க, கட்டாததைப் படிக்கவும் ஒரு படிப்பா என்று கேட்டேன். அம்மாவோ, "பிள்ளை வராட்டி எடித்தின்ர தாயின்ர முகத்தில நான் எப்பிடி முழிக்கிறது" என்று அழத் தொடங்கிவிட்டா.

பிறகு ஆறுதலாக இருந்து நீ அனுப்பின படங்களைப் பார்த்தேன். முன்பாதி பீரங்கி, பின்பாதி விமானம் இறங்கும் தளம் என்று ஒரு கப்பல். ஆட்களையும் கருவாட்டையும் ஒரே லொறியில் ஏற்றினால் இரண்டு பக்கத்தாலும் முறைப்பாடுதான் வரும், அதைக் கட்டாமல் விட்டவர்கள் கெட்டிக்காரர். ஆனால் மற்றது என்னை விடவில்லை. போர்க்காலத்தில் வெள்ளைக்காரர் மரக்கூழைத் தண்ணீரில் கலந்து உறையவைத்து, அந்த ஐஸால் ஒரு தீவு மாதிரி விமானக் கப்பல் கட்ட நினைத்தார்கள், கனடாவில் ஒரு ஏரியில் சின்னதாகச் செய்தும் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தாயே, அது. நான் ஐஸை நம்பிப் பிழைக்கிறவன். அறுக்குளா மீனும் பாரை மீனும் பெட்டியில் அடுக்கிக் கொழும்பு ரயிலில் ஏற்றினால், மதவாச்சி தாண்டமுன் பாதி ஐஸ் தண்ணீராகிவிடும். மரத்தூளை ஐஸுக்கு வெளியே மூடிக்கட்டத்தான் எங்களுக்குத் தெரியும். உள்ளே கலக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

மரத்தூள் கலந்து ஐஸ் உறையவைக்க அச்சு வேண்டும் என்று ஐஸ் தொழிற்சாலை சாஹுல் ஹமீட்டிடம் போனேன். "என்ன முதலாளி, ஐஸில புட்டு அவிக்கப் போறியளோ" என்று சிரித்துவிட்டுத்தான் இரண்டு அச்சுத் தந்தார். தூளை எடித்தின் தகப்பன் அம்புறோஸ் மரம் அரிந்து விற்கிற மரக்காலையில் அள்ளினேன். பாளம் கருங்கல் மாதிரி வந்தது, கோடாலி வேண்டியிருந்தது. மீன் கொழும்பில் இறங்கும்போதும் பெட்டிக்குள் ஐஸ் கிடந்ததாம். ஆனால் மறுநாளே தந்தி, மீன் பழுதில்லை, கசக்கிறது, விற்கமுடியாது என்று. விசாரித்தால் அம்புறோஸ் அந்தக் கிழமை முழுக்கக் கோயில் கதவுக்கு வேம்பு அறுத்திருக்கிறார். நான் தூளைப் பார்த்தேனே தவிர என்ன மரம் என்று கேட்கவில்லை. அவரோ, "தவக்காலம் எண்டு கொழும்புச் சனத்துக்கு ஒறுத்தல் அனுப்பினியளோ" என்று பகிடி விடுகிறார். பிறகு மணமில்லாத மரத்தூளைச் சுடுதண்ணீரில் அலசிக் கலந்து, பாளத்தைச் சாக்கில் சுற்றி மீனில் படாமல் வைத்து அனுப்பினோம். இந்த முறை தந்தி வரவில்லை, இன்னும் பெட்டி கேட்டு ஆளே வந்துவிட்டான்.

அதற்குப் பிறகுதான் உன்னை அங்கே நிற்கவிடுவது என்று தீர்மானித்தேன். வியாபாரத்துக்காக மட்டும் சொல்லவில்லை. ஏன் விட்டார்கள் என்று தெரியாமல் ஒன்றைக் கட்டப் போகிறவன்தான் கையைச் சுட்டுக்கொள்வான், அதைப் படித்தவன் ஒருவன் வேண்டும். ஆனால் அம்புறோஸிடம் போய்க் கலியாணத்தைத் தள்ளிவைக்கக் கேட்டபோது மனிதர் ஒரே பிடியாக நின்றார். "கட்டாத கப்பலைப் பாக்கிறவருக்குக் கட்டின பெஞ்சாதி எதுக்கு? ரண்டு வருசம் பிள்ளையை இருத்திவைக்க ஏலாது, நான் வேற இடம் பாக்கிறன்" என்றார். நான் அந்த ஐஸ் கப்பல் கதையை எடுத்துச் சொல்லத் தொடங்கினேன். அப்போதுதான் எடித் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து சைக்கிளைச் சாத்தினா. "மாமா, அந்த ஐஸ் கப்பலை ஏன் கட்டாமல் விட்டவை?" என்று கேட்டா. செலவு ஏறிப்போச்சாம், அதைக் குளிராய் வைத்திருக்கவே உள்ளுக்குப் பெரிய இயந்திரம் வேணுமாம் என்றேன். "அவ்வளவுதானோ காரணம்?" என்றா. எனக்குத் தெரியாது பிள்ளை என்றேன். "அப்ப அவர் நிண்டு பாத்திட்டு வரட்டும். அப்பா, நீங்கள் வேற இடம் பாத்தாலும் நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன்" என்றா. அம்புறோஸ் என்னைப் பார்த்தார், அவவைப் பார்த்தார், மரத்தூளை உதறிக்கொண்டு சரி என்றார். அம்மாவும் இப்போது சமாதானம், எடித்தின் தாயோடு ஒன்றாகப் பூசைக்குப் போகிறா.

ஆகையால் மகன், வீட்டை நினைத்துக் கலங்காமல் பேராசிரியரிடம் ஓம் என்று சொல். பாஸ்காவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் செய்துகொள், கம்பளிச் சட்டையைக் கழற்றாதே, பாண் மட்டும் தின்று காலம் தள்ளாமல் சோறும் சமைத்துச் சாப்பிடு. ஆண்டவர் உன் கண்ணுக்கும் கைக்கும் வெளிச்சம் தரட்டும், எங்கள் ஆசீர் என்றைக்கும் உன்னோடு. முக்கியமாக ஒன்று. எடித்துக்கு உன்னிடம் கேட்க நிறையக் கேள்விகள் இருக்கிறதாம். கடிதம் அம்புறோஸின் பெயருக்கு வரவேண்டும், தான் வாசித்த பிறகே பிள்ளையின் கைக்குப் போகும் என்பது அவரின் நிபந்தனை. அப்படியே எழுது. முதல் மூன்று பக்கத்தையும் கப்பலின் அடித்தட்டு, இரும்பின் கனம் என்று நிரப்பு. அம்புறோஸ் அதற்கு மேல் வாசிக்கமாட்டார்.

உன் அன்பு அப்பா,
எமிலியானுஸ்