பேசாத ஆள் தேவை

பாக்கொக்கு,
2 ஆகஸ்ட் 1996

வெங்காய மண்டி மியா போனுக்கு,

புத்தர் கோயில் நன்கொடைக் கல்வெட்டில் என் பெயருக்கு மேலே உன் பெயரை வெட்டவைத்தாய். அன்றிலிருந்து ஒன்பது வருடமாக நாம் பேசிக்கொள்வதில்லை. பேசுவதில்லை என்றுதான் சபதம். எழுதக்கூடாது என்று இல்லை. அதனால் எழுதுகிறேன்.

போன மாதம் கோபத்தில் கடையில் எடைக்கல்லை விட்டெறிந்தேன். பேத்தியின் காலுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. மகள் தீரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாண்டலே போய்விட்டாள். "நீங்க அடங்கினாத்தான் விளக்குத் திருவிழாவுக்கு வருவேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மடத்துப் பெரிய பிக்கு தினமும் ஒரு மணி நேரம் தியானத்தில் உட்காரச் சொன்னார். தனியாக உட்கார்ந்தால் லாரிச் சத்தம் கேட்டதும் எழுந்துவிடுகிறேன். சந்தை வியாபாரிகளின் தியானக் குழுவிலோ, கண்ணை மூடுவதற்குள் எள் விலை வந்துவிடுகிறது. கூட உட்கார ஆள் வேண்டும். ஆனால் அவன் என்னோடு பேசக்கூடாது. ஊர் முழுக்க யோசித்துப் பார்த்துவிட்டேன். உன்னைவிடத் தகுதியான ஆள் இல்லை.

"வாயை மூடிட்டு உக்காரத் துணையாக்கும்? ஏன், நான் இல்லையா?" என்று கேட்டாள் என் மனைவி சான் யீ. கடிதத்தை அவள்தான் கொண்டுவருகிறாள்.

டுன் நவுங்,
எண்ணெய்க் கடை

4 ஆகஸ்ட்

டுன் நவுங்குக்கு,

உன் கடிதத்தை நம் இரண்டு பேர் மனைவிகளும் எனக்கு முன்னால் படித்து, சிரித்து முடித்த பிறகுதான் என் கைக்கு வந்தது. வருகிறேன். காலை ஐந்து மணி, மடத்துக் கூடம். உனக்காக இல்லை, அந்தப் பிள்ளைக்காக. சண்டை அப்படியே இருக்கும், தெரிந்துகொள்.

மியா போன்

1 செப்டம்பர்

மியா போனுக்கு,

நான்கு வாரமாக முழு ஒரு மணி நேரம் உட்காருகிறேன். நீ எழுவதற்கு முன் நான் எழக்கூடாது என்கிற வீம்புதான். மூச்சையும் கவனிக்கிறேன், பெரும்பாலும் உன்னுடையதை. குறட்டையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்.

இன்னொரு குறை. முடிந்ததும், "இந்தப் புண்ணியத்தில் சமபங்கு எடுத்துக்கொள்ளுங்கள்" என்று மூன்று தரம் சொல்கிறேன். கேட்டவன் "சாது" என்று சொல்லி ஆமோதித்தால்தானே பங்கு அவனுக்குச் சேரும்? நீ தூணைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாய். சும்மா கொடுக்கிற சரக்கை இறக்க மறுக்கிற வியாபாரியை இப்போதுதான் பார்க்கிறேன்.

டுன் நவுங்

3 செப்டம்பர்

டுன் நவுங்குக்கு,

அது குறட்டை இல்லை, சளி.

உனக்கு "சாது" சொன்னால் பேசியதாகிவிடுமா என்று பெரிய பிக்குவிடமே கேட்டேன். "ஒன்பது வருஷமா நீங்க கட்டிக் காத்த சீலம் இது ஒண்ணுதானா, உபாசகரே?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரப்படுத்தாதே.

மியா போன்

31 அக்டோபர்

அன்புள்ள மியா போன்,

தீரி வந்தாள். வந்த அன்றே பேத்தி எண்ணெய்ப் பீப்பாயின் குழாயைத் திறந்துவிட்டாள். கடையெல்லாம் எண்ணெய். வாயைத் திறந்தேன், மூடினேன், கண்ணையும் மூடினேன். "ஐயோ, அப்பாவுக்கு வாதம் இழுத்துடுச்சு!" என்று தீரி அலறிக்கொண்டு போய் டாக்டரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் வழுக்கி விழுந்தார். விஷயம் தெரிந்ததும் தீரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ரெண்டு மாதம் இருக்கப்போகிறாளாம்.

மறுநாள் கூடத்தில், தீரி வந்த சந்தோஷத்தையும் சேர்த்துப் பங்கு கொடுத்தேன். நீ மூன்று தரம் "சாது" சொன்னாய். புறாவெல்லாம் பறந்துபோயின. அதோடு நிறுத்தியிருக்கலாம். "மழை வரும் போலிருக்கு" என்றாய். "ஆமாடா" என்றேன். போயிற்று! மூன்று நாளாக ஐந்து மணிக்கு வந்து ஏழு மணிவரை பேசிக்கொண்டே இருக்கிறோம். நேற்று சுமைகாரனிடம் என் குரல் உயர்ந்தது. பேத்தி விளையாட்டை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

தயவுசெய்து மறுபடி என்னோடு பேசாமல் இரு. காரணம் வேண்டுமென்றால் தருகிறேன்: போன வருடம் உன் வெங்காயம் அழுகல் என்று சந்தையில் கிளப்பிவிட்டது நான்தான்.

உன்
டுன் நவுங்

1 நவம்பர்

டேய் டுன் நவுங்,

அது நீதான் என்று அன்றைக்கே தெரியும். நாளையிலிருந்து ஐந்து முதல் ஆறுவரை உன்னை ஆயுசுக்கும் மன்னிக்கமாட்டேன். ஆறு மணிக்கு டீக்கடையில் பார்க்கலாம். பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா.

மியா போன்