சாட்சி நேரத்தில் சொன்னது

கனடாவில் ஆப்பிள் பறிக்கும் என் வீட்டுக்காரருக்கு, கர்த்தர் உங்கள் முதுகைக் காப்பாராக.

இந்த முறை எழுத்து என்னுடையதுதான். மூட்டுவாதத்தில் முடங்கிய விரல்கள் இப்போது பேனா பிடிக்கின்றன. டாக்டர் எழுதித் தந்த சொட்டு மருந்து வேலை செய்கிறது. விலை கூடுதல்தான், கோழி வாங்குவதைக் குறைத்துச் சரிக்கட்டிவிட்டேன்.

ஞாயிறு சபையில் சாட்சி சொல்ல எழுந்தேன். "கர்த்தர் என் கையைத் தொட்டார்" என்றதும் ஒரே அல்லேலூயா. அதோடு உட்கார்ந்திருக்கலாம். பாதி உண்மையோடு உட்கார மனம் வரவில்லை.

"கஞ்சா எண்ணெய் வழியாகத் தொட்டார்" என்றேன்.

பின்வரிசை வெர்னா எழுந்து, "அடிப்பாவி! என் மவன் பிடிச்சா பிசாசு, நீ குடிச்சா கர்த்தரா?" என்றாள்.

"இதுல போதை ஏறாதுடி, டாக்டர் சீட்டு இருக்கு!"

சிரித்தார்கள். ஆனாலும் சபையை விட்டு நீக்கிவிடுவார்களோ என்று எனக்குப் பயமாக இருந்தது.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் நற்கருணை மேஜை விரிப்போடு வந்தார். விலக்கி வைக்கப்பட்டவர்கள் அதைத் தொடக்கூடாது. அதை என் கையில் வைத்து, "துவைச்சுத் தேய்ச்சுக் கொண்டாங்க சிஸ்டர். என் சம்சாரத்துக்கும் மூட்டுவலி, அந்த டாக்டர் பேரு என்ன?" என்றார்.

நம் ஜமைக்கா வெயிலில் விரிப்பு காய்ந்துவிட்டது. இஸ்திரிப் பெட்டியும் சூடாகிவிட்டது, எழுந்து போகிறேன்.

உங்கள் மனைவி